'டு' போடுவதா, 'இங்' போடுவதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஆங்கிலத்தில் ஓரளவு நன்றாகவே எழுதுகிறவர்களுக்கும் கை தயங்குகிற இடம் ஒன்று உண்டு. ஒரு வினைச்சொல்லை அடுத்து இன்னொரு வினைச்சொல் வரவேண்டும். அதற்கு முன்னால் 'டு' வைத்து 'டு ரீட்' என்பதா, பின்னால் 'இங்' சேர்த்து 'ரீடிங்' என்பதா? முதலாவதை இன்ஃபினிட்டிவ் என்கிறோம், இரண்டாவதை ஜெரண்ட். வகுப்புகளில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். பரீட்சை முடிந்த கையோடு இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பட்டியல் தேவைதான், ஆனால் அது கடைசியில் வரவேண்டியது. தமிழ் பேசி வளர்ந்தவரிடம் அதைவிட நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. 'கதவைப் பூட்ட மறந்துவிட்டேன்', 'கதவைப் பூட்டியதை மறந்துவிட்டேன்'. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. முதலாவதில் கதவு பூட்டப்படவே இல்லை. இரண்டாவதில் பூட்டியாகிவிட்டது, நினைவில்தான் இல்லை. 'பூட்ட' என்பதை நம் இலக்கணம் செயவெனெச்சம் என்கிறது. ஆங்கிலத்தின் 'டு லாக்' பெரும்பாலும் அதற்கு இணை. 'பூட்டியது', 'பூட்டுவது', 'பூட்டுதல்' எல்லாம் வினையைப் பெயராக்கிய வடிவங்கள். 'லாக்கிங்' இவற்றுக்கு இணை.

இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை என்று தள்ளிவிட வேண்டாம். 'டு' முதலில் திசையைக் காட்டும் சொல். 'ஊருக்கு' என்பதில் உள்ள 'கு' போல ஒன்றை நோக்கிப் போவதைச் சொல்வது. பழைய ஆங்கிலத்திலேயே அது வினையோடு சேர்ந்து, செய்யப்போகும் காரியத்தைச் சுட்டத் தொடங்கிவிட்டது. 'இங்' அதே காலத்தில் வினையிலிருந்து பெயர்ச்சொல் செய்யும் விகுதி. அமெரிக்க மொழியியலாளர் ட்வைட் போலிஞ்சர் 1968-இல் இதை இப்படிப் பிரித்தார்: 'டு' வடிவம் இன்னும் நடக்காத, நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறது, 'இங்' வடிவம் அந்தச் செயலை ஏற்கெனவே உள்ள ஒரு பொருளைப் போலக் கையில் எடுத்துக்கொள்கிறது. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. பொருந்தாத இடங்களையும் கீழே சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதிக்கு மேற்பட்ட குழப்பம் இதிலேயே தீரும்.

முழுவதையும் வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அங்கே போய்ப் பாருங்கள்.

அறிகுறி: வாக்கியத்தில் பிழை இல்லை, ஆனால் படித்தவர் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறார்

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற பிழைகளை கம்ப்யூட்டராவது அடிக்கோடிட்டுக் காட்டும். இதைக் காட்டாது, ஏனென்றால் இரண்டு வடிவமும் இலக்கணப்படி சரி.

'ஐ ஸ்டாப்ட் டு ட்ரிங்க் டீ' என்று ஒருவர் எழுதுகிறார். டாக்டர் சொன்னபடி டீயை விட்டுவிட்டேன் என்று தெரிவிப்பது அவர் எண்ணம். படிப்பவருக்குப் புரிவதோ, போகிற வழியில் டீ குடிக்க நின்றார் என்பது. விட்டுவிட்டேன் என்று சொல்ல 'ஐ ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ' என்றுதான் வரவேண்டும்.

சோதனை எளிது. சொல்ல வந்ததைத் தமிழில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். 'குடிப்பதை நிறுத்தினேன்' என்று வந்தால் இங். 'குடிக்க நின்றேன்' என்று வந்தால் டு. 'ரிமெம்பர்', 'ஃபர்கெட்' இரண்டுக்கும் இதே சோதனை போதும். வீட்டை விட்டுக் கிளம்புகிறவரிடம் 'ரிமெம்பர் டு டர்ன் ஆஃப் த கேஸ்' என்கிறோம், கேஸை அணைக்க மறக்காதே என்று. பஸ் ஏறிய பிறகு அவர் 'ஐ ரிமெம்பர் டர்னிங் ஆஃப் த கேஸ்' என்றால், அணைத்தது நினைவிருக்கிறது என்று பொருள். கல்லூரி அலுவலகத்துக்கு 'ஐ ஃபர்காட் டு பே த ஃபீஸ்' என்று எழுதினால் பணம் கட்டவில்லை என்று புரியும். 'ஃபர்காட் பேயிங்' என்று எழுதினால், கட்டிவிட்டு அதை மறந்துபோனதாக ஆகிவிடும். எதிரில் இருப்பவர் ரசீதைத் தேட ஆரம்பிப்பார்.

'ட்ரை'யில் தமிழ் இன்னும் துல்லியமாக உதவுகிறது. 'ஜன்னலைத் திறக்கப் பார்த்தேன்', 'ஜன்னலைத் திறந்து பார்த்தேன்' என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் ஜன்னல் இறுகிப்போயிருக்கிறது, திறப்பதற்கே பாடுபட வேண்டியிருந்தது: 'ஐ ட்ரைட் டு ஓப்பன் த விண்டோ'. இரண்டாவதில் ஜன்னல் சுலபமாகத் திறந்தது. காற்று வருமா என்று பார்க்கத் திறந்தோம்: 'ஐ ட்ரைட் ஓப்பனிங் த விண்டோ'. ஒரே 'பார்' துணைவினை, அதற்கு முன்னால் செயவெனெச்சம் வந்தால் டு, 'திறந்து' போலச் செய்தெனெச்சம் வந்தால் இங். வாடிக்கையாளர் சேவையில் வேலை செய்கிறவர்கள் இதை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். 'ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்' என்பதற்கு 'ட்ரை ரீஸ்டார்டிங் யுவர் போன்' என்பதே இயல்பு. 'ட்ரை டு ரீஸ்டார்ட்' என்றால், ரீஸ்டார்ட் ஆவதே சிரமம், முடிந்தால் செய்யுங்கள் என்பது போலத் தொனிக்கும்.

'ரிக்ரெட்' கொஞ்சம் வேறு மாதிரி. 'ஐ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்பது கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன் வரும் மரியாதை வாசகம், இனிமேல்தான் சொல்லப்போகிறார்கள். 'ஐ ரிக்ரெட் டெல்லிங் ஹிம்' என்றால் சொன்னதற்காக வருந்துகிறேன். 'கோ ஆன்' என்பதும் இந்த வகைதான். 'ஷி வென்ட் ஆன் டாக்கிங்' என்றால் பேசிக்கொண்டே போனார். 'ஷி வென்ட் ஆன் டு பிகம் எ ஜட்ஜ்' என்றால் பிற்பாடு நீதிபதி ஆனார்.

அறிகுறி: 'டு'வுக்குப் பின் மூல வினைதானே வரவேண்டும்? 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' ஏன் தப்பு?

அலுவலகக் கடிதங்களில் மிக அதிகமாகக் கண்ணில் படுவது இதுதான். 'டு'வுக்கு ஆங்கிலத்தில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று இன்ஃபினிட்டிவோடு ஒட்டிய டு. அதன் பின்னால் மூல வினை, அதாவது 'மீட்', 'கோ' போல எதுவும் சேராத வடிவம். இன்னொன்று தனி ப்ரிபோசிஷன், நம் வேற்றுமை உருபு 'கு' செய்கிற வேலை. அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் வரமுடியும். அந்த இடத்தில் ஒரு வினையை உட்கார வைக்க வேண்டுமென்றால், அதைப் பெயராக்கி 'இங்' சேர்த்துத்தான் வைக்க வேண்டும்.

எது எந்த டு என்று கண்டுபிடிக்க, வினையை எடுத்துவிட்டு அங்கே ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்'. நிற்கிறது. ஆகவே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'ஐ ஹோப் டு த ஹாலிடேஸ்'. நிற்கவில்லை. ஆகவே 'ஐ ஹோப் டு மீட் யூ'.

இந்தச் சோதனை ஏமாற்றுகிற இடங்களும் உண்டு. 'கோ', 'கம்' இரண்டும் இடப்பெயரோடு இயல்பாக 'டு' வாங்கும், 'ஐ வென்ட் டு த மார்க்கெட்' என்பது போல. அதை நம்பி 'ஐ வென்ட் டு பையிங்' என்று எழுதிவிடக் கூடாது. அங்கே வருவது நோக்கத்தைச் சொல்லும் டு, 'ஐ வென்ட் டு பை ரைஸ்'. 'அக்ரீ'யும் அப்படித்தான். 'அக்ரீ டு த ப்ளான்' சரி, 'அக்ரீ டு கம்' என்பதும் சரி.

ப்ரிபோசிஷன் டு வருகிற முக்கியமான தொடர்கள்: 'ஆப்ஜெக்ட் டு', 'கமிட்டட் டு', 'டெவோட்டட் டு', 'அடிக்டட் டு', 'அக்கஸ்டம்ட் டு', 'ஆப்போஸ்ட் டு', 'இன் அடிஷன் டு', 'வென் இட் கம்ஸ் டு', 'வித் எ வ்யூ டு'. இவற்றுக்கெல்லாம் பின்னால் இங்.

இதே குடும்பத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது 'யூஸ்ட் டு'. 'ஐ யூஸ்ட் டு வேக் அப் அட் ஃபோர்' என்றால் முன்பெல்லாம் நாலு மணிக்கு எழுந்திருப்பேன், இப்போது இல்லை. 'ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் அட் ஃபோர்' என்றால் நாலு மணிக்கு எழுந்து பழகிவிட்டது, இப்போதும் எழுகிறேன். அடையாளம் 'ஆம்', 'இஸ்', 'வாஸ்', 'கெட்' போன்ற சொல் முன்னால் இருப்பது. அது இருந்தால், பழகிப்போனதைச் சொல்லும்போது, இங். புதிதாக வெளியூரில் வேலைக்குச் சேர்ந்தவர் 'ஐ ஆம் கெட்டிங் யூஸ்ட் டு லிவிங் அலோன்' என்று சொல்லலாம். தனியாக இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். இங்கே தமிழில் 'இருக்க' என்று செயவெனெச்சம் வருகிறது, ஆங்கிலத்தில் இங். தமிழ்க் காதை நம்பினால் தவறிவிடுகிற இடங்களில் இது ஒன்று.

அறிகுறி: 'ஹி சஜஸ்டட் மீ டு கோ' என்று எழுதினால் திருத்திவிடுகிறார்கள்

'அவர் என்னைப் போகச் சொன்னார்' என்ற அமைப்பு நமக்கு அவ்வளவு இயல்பு. அதனால் எல்லா வினையையும் இந்த அச்சில் ஊற்றிவிடுகிறோம். 'டெல்', 'ஆஸ்க்', 'அட்வைஸ்', 'ரிமைண்ட்', 'வார்ன்', 'என்கரேஜ்', 'ஃபோர்ஸ்', 'அலவ்' எல்லாம் இதை ஏற்றுக்கொள்ளும்: 'ஹி அட்வைஸ்ட் மீ டு கோ'. 'சஜஸ்ட்' ஏற்காது. அதற்குப் பின்னால் ஆளை நேராக வைக்க முடியாது.

இரண்டு வழி இருக்கிறது. யார் போவது என்பது முக்கியம் இல்லையென்றால் 'ஹி சஜஸ்டட் கோயிங் பை ட்ரெயின்'. ரயிலில் போகலாமே என்று யோசனை சொன்னார். அவரும் கூட வரலாம், வராமலும் இருக்கலாம். ஆளைச் சொல்லியாக வேண்டுமென்றால் 'ஹி சஜஸ்டட் தட் ஐ கோ பை ட்ரெயின்'. இந்த 'தட்' அமைப்பில் வினை மூல வடிவத்திலேயே நிற்கும். 'ஐ சஜஸ்டட் தட் ஹி சீ எ டாக்டர்' என்பதில் 'ஹி'க்குப் பின் 'சீஸ்' வராது, 'சா'வும் வராது. காதுக்கு உறுத்தினால் நடுவில் ஒரு 'ஷுட்' சேர்த்துக்கொள்ளுங்கள், அதுவும் முழுக்கச் சரி.

'அட்வைஸ்', 'அலவ்', 'பெர்மிட்' மூன்றுக்கும் ஒரு கூடுதல் குணம் உண்டு. ஆளைச் சொன்னால் டு, சொல்லாவிட்டால் இங். 'தே டோன்ட் அலவ் அஸ் டு பார்க் ஹியர்', 'தே டோன்ட் அலவ் பார்க்கிங் ஹியர்'. 'தே டோன்ட் அலவ் டு பார்க்' என்பது நம் ஊர் அறிவிப்புப் பலகைகளில் வந்தாலும் தவறுதான்.

'நீ வரவேண்டும் என்று விரும்புகிறேன்' என்பதை அப்படியே எடுத்து 'ஐ வாண்ட் தட் யூ கம்' என்று எழுதுவதும் உண்டு. 'வாண்ட்' இதற்கு நேர் எதிர்: 'தட்' வேண்டாம், ஆளும் 'டு'வும் வேண்டும். 'ஐ வாண்ட் யூ டு கம்'.

அறிகுறி: 'ஹி மேட் மீ டு வெயிட்'

'காக்க வைத்தார்', 'போக விட்டார்' என்பவற்றில் 'வை', 'விடு' செய்கிற வேலையை 'மேக்', 'லெட்' செய்கின்றன. இவற்றுக்குப் பின்னால் டு இல்லாத வெறும் மூல வினை. 'ஹி மேட் மீ வெயிட்', 'ஷி லெட் மீ கோ'. இதை விதிவிலக்கு என்று நினைப்பதைவிட, பழைய வழக்கம் இது போன்ற சில இடங்களில் தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவுக்கு 'டு' கட்டாயம் இல்லை. பிற்பாடு அது பெரும்பாலான இடங்களில் பரவியது. 'கேன்', 'வில்', 'மஸ்ட்', 'மே' போன்றவற்றிடமும் 'லெட்'டிடமும் அது நிலைக்கவில்லை. 'ஐ கேன் டு ஸ்விம்' என்று யாரும் எழுதுவதில்லை அல்லவா, அதே கணக்குதான்.

ஆனால் வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாகத் திருப்பினால் 'மேக்'குக்கு டு திரும்பி வந்துவிடும்: 'ஐ வாஸ் மேட் டு வெயிட் ஃபார் டூ அவர்ஸ்'. புகார்க் கடிதங்களில் இந்த வாக்கியம் அடிக்கடி தேவைப்படும், அதனால் இரண்டையும் ஜோடியாகவே வைத்துக்கொள்ளுங்கள். 'லெட்'டை அப்படித் திருப்புவது வழக்கமில்லை; 'ஐ வாஸ் அலவ்ட் டு கோ' என்று மாற்றிக்கொள்வார்கள். 'ஹெல்ப்' இரண்டையும் ஏற்கும். 'ஹெல்ப்ட் மீ கேரி', 'ஹெல்ப்ட் மீ டு கேரி' இரண்டும் சரி. 'கெட்' மட்டும் டு கேட்கும், 'ஐ காட் ஹிம் டு சைன்'.

'சீ', 'ஹியர்' இரண்டோடும் வெறும் வினையும் வரும், 'இங்' வடிவமும் வரும். 'ஐ சா ஹிம் க்ராஸ் த ரோட்' என்றால் அவர் சாலையைக் கடந்து முடித்ததைப் பார்த்தேன். 'ஐ சா ஹிம் க்ராஸிங் த ரோட்' என்றால் கடந்துகொண்டிருந்தபோது பார்த்தேன், கடந்து முடித்தாரா என்பது இதில் இல்லை. சாட்சி சொல்கிற இடத்தில் இந்த வேறுபாடு பெரிய வேறுபாடு.

அறிகுறி: 'ஐ கேம் ஹியர் ஃபார் மீட்டிங் த மேனேஜர்'

'சந்திப்பதற்காக' என்பதில் உள்ள 'காக'வைப் பார்த்ததும் கை 'ஃபார்' எழுதிவிடுகிறது. வந்த நோக்கத்தைச் சொல்ல 'டு' மட்டும் போதும்: 'ஐ கேம் ஹியர் டு மீட் த மேனேஜர்'. 'ஃபார் டு மீட்' என்று இரண்டையும் சேர்த்து வைப்பதும் வேண்டாம்.

அப்படியானால், 'தேங்க்யூ ஃபார் கமிங்' எப்படிச் சரி? 'ஹி வாஸ் ஃபைன்ட் ஃபார் ரைடிங் வித்தவுட் எ ஹெல்மெட்' எப்படிச் சரி? இங்கேயும் தமிழே விடை வைத்திருக்கிறது. 'வந்ததற்கு நன்றி', 'ஹெல்மெட் இல்லாமல் ஓட்டியதற்காக அபராதம்'. இரண்டிலும் செயல் முடிந்துவிட்டது. 'சந்திப்பதற்காக வந்தேன்' என்பதில் அது இன்னும் நடக்கவில்லை. தமிழில் இறந்தகாலம் காட்டி 'ததற்காக', 'யதற்காக' என்று வந்தால் 'ஃபார்', அதோடு இங். 'ப்பதற்காக', 'வதற்காக' என்று வந்தால் டு. நன்றி, மன்னிப்பு, பாராட்டு, தண்டனை எல்லாம் பெரும்பாலும் முதல் வகையில் விழும்.

ஒரு பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று பொதுவாகச் சொல்லும்போதும் 'ஃபார்' வரும். 'திஸ் நைஃப் இஸ் ஃபார் கட்டிங் ஃப்ரூட்', இது பழம் நறுக்குகிற கத்தி.

அறிகுறி: 'என்ஜாய் டு ரீட்' எழுதினால் தப்பு, 'லைக் டு ரீட்' எழுதினால் சரி, எதை நம்புவது?

இங்கேதான் பட்டியல் தேவைப்படுகிறது. 'வாசிக்கப் பிடிக்கும்', 'வாசிப்பது பிடிக்கும்' என இரண்டுமே தமிழில் இயல்பாக இருப்பதால், தமிழ்க் காது இந்த இடத்தில் எந்தப் பக்கமும் சாயாது.

முதலில் கவலையே வேண்டாத வினைகளை ஒதுக்கிவிடலாம். 'லைக்', 'லவ்', 'ஹேட்', 'ஸ்டார்ட்', 'பிகின்', 'கன்டினியூ' இரண்டையும் ஏற்கும், பொருளும் பெரிதாக மாறாது. 'வுட் லைக்' என்று வந்தால் மட்டும் டு. அது இனிமேல் செய்ய விரும்புவது. 'இட் இஸ் ஸ்டார்டிங்' என்று ஏற்கெனவே ஓர் இங் இருந்தால், அடுத்ததை 'டு ரெயின்' என்று வைப்பார்கள். இரண்டு இங் அடுத்தடுத்து வருவது காதுக்கு நன்றாக இருக்காது.

டு மட்டும் வாங்குபவற்றைப் பாருங்கள்: 'வாண்ட்', 'ஹோப்', 'ப்ளான்', 'டிசைட்', 'ப்ராமிஸ்', 'ரெஃப்யூஸ்', 'ஆஃபர்', 'எக்ஸ்பெக்ட்', 'அக்ரீ'. எல்லாமே முன்னால் பார்க்கிற வினைகள். போலிஞ்சர் சொன்னது அழகாகப் பொருந்துகிறது. இங் மட்டும் வாங்குபவை: 'என்ஜாய்', 'ஃபினிஷ்', 'கீப்', 'மிஸ்', 'டினை', 'அட்மிட்', 'ப்ராக்டிஸ்', 'மைண்ட்'. செயல் நடந்திருக்க வேண்டும், அல்லது நடந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ரசிக்கவோ முடிக்கவோ மறுக்கவோ எதுவும் இருக்காது.

பொருந்தாதவற்றைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். 'அவாய்ட்', 'போஸ்ட்போன்', 'கன்சிடர்', 'சஜஸ்ட்', 'ரிஸ்க்', 'இமேஜின்' என்பவற்றில் செயல் இன்னும் நடக்கவில்லை, ஆனாலும் இங்தான். மறுபக்கம் 'மேனேஜ்'. 'ஐ மேனேஜ்ட் டு ஃபினிஷ்' என்றால் முடித்தே விட்டேன், ஆனாலும் டு. இந்த ஏழையும் ஒரு தாளில் எழுதி மேசை மேல் ஒட்டிவைத்தால், நூறு வினைப் பட்டியலைவிட அதிகம் பயன்படும் என்பது என் உறுதியான எண்ணம்.

அறிகுறி: 'இன்ட்ரஸ்டெட் டு', 'கேப்பபிள் டு', 'குட் டு'

இவற்றுக்கு அவரவர் ப்ரிபோசிஷன் இருக்கிறது, அதன் பின்னால் இங். 'இன்ட்ரஸ்டெட் இன் லேர்னிங்', 'கேப்பபிள் ஆஃப் டூயிங்', 'குட் அட் ட்ராயிங்', 'டயர்ட் ஆஃப் வெயிட்டிங்', 'இன்ஸ்டெட் ஆஃப் கோயிங்', 'வித்தவுட் ஈட்டிங்', 'பிஃபோர் லீவிங்'. ப்ரிபோசிஷனுக்குப் பின் வினை வந்தால் இங். விலக்கு மிகக் குறைவு. 'இன்ட்ரஸ்டெட் டு நோ', 'இன்ட்ரஸ்டெட் டு ஹியர்' என்று ஒரு செய்தியை அறிய ஆர்வம் காட்டும்போது மட்டும் டு வழக்கில் உண்டு, அதையும் தவறென்று அடித்துவிட வேண்டாம்.

சின்னச் சின்ன அறிகுறிகள்

'ஐ வாண்டட் டு வென்ட்' என்று எழுதுகிறீர்களா? காலத்தை முதல் வினை சுமந்துவிட்டது. இன்ஃபினிட்டிவ் 'டு'வுக்குப் பின் எப்போதும் மூல வடிவம்தான்: 'வாண்டட் டு கோ'. 'ஹி வாண்ட்ஸ் டு கோஸ்' என்பதற்கும் இதே திருத்தம்.

'ஹி டோல்ட் மீ டு டோன்ட் கோ' என்பதில் 'டோன்ட்'டுக்கு இடமில்லை. 'நாட்'டை 'டு'வுக்கு முன்னால் வையுங்கள், 'டோல்ட் மீ நாட் டு கோ'. இங் வடிவத்திலும் அப்படியே: 'ஐ ரிக்ரெட் நாட் கோயிங்', போகாததற்கு வருந்துகிறேன்.

'ரீடிங் புக்ஸ் ஆர் குட்' என்பதில் 'புக்ஸ்' பன்மை கண்ணை ஏமாற்றுகிறது. நல்லது என்று சொல்லப்படுவது வாசிப்பது, அது ஒருமை. 'ரீடிங் புக்ஸ் இஸ் குட்'.

'ஐ ஸ்பென்ட் டூ அவர்ஸ் டு ஃபினிஷ் இட்' என்று எழுதுவதை 'ஸ்பென்ட் டூ அவர்ஸ் ஃபினிஷிங் இட்' என்று மாற்றுங்கள். 'பிஸி', 'வொர்த்', 'நோ யூஸ்', 'கான்ட் ஹெல்ப்', 'ஹேவ் டிஃபிகல்ட்டி' எல்லாமே இந்தக் கூட்டம்தான்: 'பிஸி குக்கிங்', 'வொர்த் சீயிங்', 'இட் இஸ் நோ யூஸ் க்ரையிங்', 'ஐ குட்ன்ட் ஹெல்ப் லாஃபிங்'.

'த ஷர்ட் நீட்ஸ் வாஷிங்' என்று எங்காவது படித்துவிட்டு, சட்டை எப்படித் துவைக்கும் என்று தயங்கினால், அது 'நீட்ஸ் டு பி வாஷ்ட்' என்பதன் சுருக்கம். சட்டை துவைக்க வேண்டியிருக்கிறது என்று நாமும் அதே மாதிரிதான் சொல்கிறோம், யார் துவைப்பது என்று சொல்வதில்லை.

அவர் தாமதமாக வருவது என்று சொல்ல 'ஹிஸ் கமிங் லேட்' என்பதா, 'ஹிம் கமிங் லேட்' என்பதா? சென்ற நூற்றாண்டின் இருபதுகளில் ஆங்கில நடைக்கு விதி எழுதிய ஃபௌலர் இரண்டாவதைக் கடுமையாக எதிர்த்தார். டென்மார்க்கின் இலக்கண அறிஞர் யெஸ்பர்சன், நல்ல எழுத்தாளர்களே அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மறுத்தார். இன்று பேச்சில் 'ஹிம்' தாராளம். தேர்விலும் முறையான கடிதத்திலும் 'ஹிஸ்' எழுதுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு மெயிலை எடுத்துச் சரிசெய்து பார்ப்போம்

வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் எழுதுகிற மெயில்களில் இந்தப் பிழைகள் கூட்டமாக வரும். இந்த ஐந்து வரிகள் அந்த வகைக்காக நான் எழுதிக்கொண்டவை.

'ஐ ஆம் இன்ட்ரஸ்டெட் டு ஜாயின் யுவர் கம்பெனி. மை ஃப்ரெண்ட் சஜஸ்டட் மீ டு அப்ளை. ஐ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ் டு ஹேண்டில் கஸ்டமர்ஸ். ஐ ஆம் ரைட்டிங் ஃபார் ஆஸ்கிங் அபவுட் த இன்டர்வ்யூ டேட். ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ.'

முதல் வரியில் 'ஜாயின்' செய்தியை அறியும் வினை இல்லை, ஆகவே 'இன்ட்ரஸ்டெட் இன் ஜாயினிங்'. இரண்டாவதில் 'சஜஸ்ட்'டுக்கு அடுத்து ஆள் நிற்கிறார். விண்ணப்பிப்பது யார் என்று சொல்லியாக வேண்டுமென்பதால் 'சஜஸ்டட் தட் ஐ அப்ளை', அல்லது இன்னும் எளிதாக 'மை ஃப்ரெண்ட் அட்வைஸ்ட் மீ டு அப்ளை'. மூன்றாவதில் அனுபவம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 'கையாண்ட அனுபவம்' என்று தமிழில் இறந்தகாலம் வருகிறது. எனவே 'எக்ஸ்பீரியன்ஸ் இன் ஹேண்ட்லிங் கஸ்டமர்ஸ்'. நான்காவதில் 'கேட்பதற்காக', 'ப்பதற்காக' வகை. 'ஐ ஆம் ரைட்டிங் டு ஆஸ்க் அபவுட் த இன்டர்வ்யூ டேட்'. கடைசி வரியில் 'டு'வுக்குப் பின் 'யுவர் ரிப்ளை' என்று வைத்துப் பார்த்தால் நிற்கிறது, ஆகவே 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ'. அதே வரியைச் சின்னதாக முடிக்க நினைத்தால் 'ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ சூன்' என்றும் எழுதலாம், அங்கே 'ஹியர்' இங் இல்லாமலே சரி.